பேப்பர் போட்டாச்சா?

ஆராய்ச்சி மாணவரிடம் ஊரில் பெரியப்பா கேட்பது "எப்போ முடிப்ப?" என்ற கேள்வி. டிபார்ட்மென்டில் கேட்பது "பேப்பர் போட்டாச்சா?" என்ற கேள்வி. முதல் கேள்விக்காவது சிரித்து மழுப்பலாம். இரண்டாவதில் இருந்து தப்பவே முடியாது. கைடு கேட்பார், சீனியர் கேட்பார், வேலைக்கு நேர்காணல் போனால் அங்கேயும் கேட்பார்கள். எத்தனை பேப்பர், எந்த ஜர்னல், இம்பாக்ட் ஃபாக்டர் எவ்வளவு என்று கேள்விகள் நீளும்.

இத்தனை கேள்விகளில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. "அந்தப் பேப்பரை யாராவது ஒழுங்காகப் படித்தார்களா?" என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதன் முழு அர்த்தமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கட்டுரை அச்சாவது இரண்டாம்பட்சம். துறை தெரிந்த, எழுதியவரிடம் எந்த நன்றிக்கடனும் இல்லாத இரண்டு மூன்று பேர் அதை வரிவரியாகப் படித்து "இது எப்படி வந்தது? இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறார்களே, லாபம் அதுதான். அந்த வாசிப்பு இருக்கும்வரை இந்த ஏற்பாட்டுக்கு மரியாதை உண்டு. வாசிப்பு போய் முத்திரை மட்டும் மிஞ்சினால், அது நோட்டரி கடை வாசலில் கையெழுத்துக்கு நிற்பது போலத்தான்.

அனுப்பிய பிறகு என்ன நடக்கிறது?

இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: கட்டுரை முதலில் எடிட்டரிடம் போகிறது. இதழுக்குப் பொருந்தாதது, அரைகுறையானது என்று அவருக்குப் பட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கு டெஸ்க் ரிஜெக்‌ஷன் என்று பெயர். தாண்டினால், அதே துறையில் வேலை செய்யும் இரண்டு அல்லது மூன்று பேருக்குப் போகும். இவர்கள்தான் ரெஃப்ரீக்கள். பெரும்பாலும் இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பெயரும் வெளியே தெரியாது. தங்கள் வகுப்பு, பரிசோதனைக்கூடம், குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே நேரம் ஒதுக்கிப் படித்து அறிக்கை எழுதுகிறார்கள்.

அறிக்கைகள் வந்த பிறகு எடிட்டர் முடிவு சொல்வார். அப்படியே ஏற்பது மிக அபூர்வம். சின்னத் திருத்தம், பெரிய திருத்தம், நிராகரிப்பு, இந்த மூன்றில் ஒன்றுதான் வழக்கமாக வரும். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி :-)

இந்த முறை ஏதோ ஆதிகாலத்தில் இருந்து வருவது போல ஒரு எண்ணம் பலருக்கு உண்டு. லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665-ல் 'ஃபிலசாஃபிக்கல் ட்ரான்சாக்‌ஷன்ஸ்' இதழைத் தொடங்கியபோது, எதைப் போடுவது என்பதை அநேகமாக அவரே முடிவு செய்தார். அந்தச் சொசைட்டியில் எழுத்து வடிவ ரெஃப்ரீ அறிக்கை கேட்கும் பழக்கம் 1830-களில்தான் வந்தது. இன்று உலகமே அண்ணாந்து பார்க்கும் 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரைகளையும் ரெஃப்ரீக்கு அனுப்புவதை விதியாக்கியது 1973-ல். அதே இதழில் 1953-ல் வெளிவந்த வாட்சன் - கிரிக் டி.என்.ஏ. கட்டுரை ரெஃப்ரீயிடம் போகவே இல்லை!

இவ்வளவு தாமதத்துக்கு மிகச் சாதாரணக் காரணம் ஒன்றும் உண்டு. ஜெராக்ஸ் மெஷின் பரவலாகும் முன்பு, கட்டுரையின் நல்ல பிரதி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைத் தபாலில் மூன்று பேருக்கு அனுப்பித் திருப்பி வாங்குவது லேசான வேலையில்லை. இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அறிவியல் கிளை கிளையாகப் பிரிந்து, எல்லாம் தெரிந்த எடிட்டர் என்று ஒருவர் இருக்கவே முடியாத நிலையும் வந்தது.

கோபப்பட்ட ஐன்ஸ்டைன்

ரெஃப்ரீ என்பவர் எதற்கு என்று புரிந்துகொள்ள 1936-ல் நடந்த ஒரு சம்பவம் போதும்.

ஐன்ஸ்டைனும் அவரது உதவியாளர் நாதன் ரோசனும் ஒரு கட்டுரை எழுதி அமெரிக்காவின் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினார்கள். ஈர்ப்பு அலைகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. 1916-ல் ஈர்ப்பு அலைகளைக் கணக்கில் முதலில் காட்டியவரே ஐன்ஸ்டைன்தான் என்பதால், இது சொந்த வீட்டை இடிப்பது போன்ற முடிவு.

எடிட்டர் ஜான் டேட் கட்டுரையை ஒரு ரெஃப்ரீக்கு அனுப்பினார். அவர் எழுதியது பத்துப் பக்க அறிக்கை. கட்டுரையின் முடிவு தவறு என்றது அது. டேட் அதை இணைத்து, "இது பற்றித் தங்கள் கருத்து என்ன?" என்ற தொனியில் பணிவாகக் கடிதம் எழுதினார். ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம்! அச்சிடுவதற்குத்தான் அனுப்பினோம், அச்சாகும் முன் யாரிடமோ காட்ட அனுமதி தரவில்லை என்று பதில் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகு அந்த இதழில் அவர் முழு ஆய்வுக்கட்டுரை எதையும் வெளியிடவில்லை.

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. அவர் வளர்ந்த ஜெர்மன் இதழ்களில் இந்த வழக்கமே கிடையாது. அங்கே எடிட்டர் பார்ப்பார், போடுவார். 1905-ல் உலகை மாற்றிய கட்டுரைகள் அப்படித்தான் வந்தன.

ஆனால் அந்த ரெஃப்ரீ சொன்னது சரி. ஐன்ஸ்டைனும் ரோசனும் தங்கள் கணக்கில் வந்த ஒரு முடிவிலியைப் பார்த்து, அலைகளே இருக்க முடியாது என்று நினைத்துவிட்டார்கள். உலக வரைபடத்தில் வடதுருவத்தைப் பாருங்கள். எல்லாத் தீர்க்கரேகைகளும் அங்கே ஒரே புள்ளியில் முட்டிக்கொள்ளும். அதனால் அங்கே தரையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தமில்லை. சிக்கல் கோடு போட்ட விதத்தில்தான். ஐன்ஸ்டைன் கணக்கிலும் நடந்தது ஏறக்குறைய இதுதான். அச்சுகளை மாற்றிப் போட்டால் அது உருளை வடிவ அலைகளாக மாறிவிடும் என்று ரெஃப்ரீ காட்டியிருந்தார்.

யார் அந்த ரெஃப்ரீ? ஹோவர்ட் ராபர்ட்சன். ஐன்ஸ்டைன் இருந்த அதே பிரின்ஸ்டன் ஊர்க்காரர்! அந்தச் சமயம் வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தவர், ஐன்ஸ்டைனின் புதிய உதவியாளர் லியோபோல்ட் இன்ஃபெல்டிடம் பேசிப் பிழையைப் புரியவைத்தார். இன்ஃபெல்ட் அதை ஐன்ஸ்டைனிடம் கொண்டுபோனார். கட்டுரை அதற்குள் வேறொரு இதழில் ஏற்கப்பட்டிருந்தது. அதைத் திருத்தி, முடிவையே மாற்றி, 1937-ல் பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் இதழில் வெளியிட்டார் ஐன்ஸ்டைன். ரெஃப்ரீ ராபர்ட்சன்தான் என்பது அந்த இதழின் பழைய பதிவேட்டைப் பார்த்து 2005-ல் உறுதி செய்யப்பட்டது.

ஈர்ப்பு அலைகள் 2015 செப்டம்பரில் லைகோ கருவிகளில் சிக்கின. 2016-ல் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில். ரெஃப்ரீக்கள் படித்த பிறகுதான்!

இந்தக் கதையை "ஐன்ஸ்டைனையே நிராகரித்தார்கள் பார்" என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. உண்மையில் யாரும் அவரை நிராகரிக்கவில்லை. ஒருவர் அவரை ஒழுங்காகப் படித்தார், அவ்வளவுதான். அது தபாலில் வந்தபோது பிடிக்கவில்லை. சக மனிதர் வாய்வழியாக வந்தபோது பலித்தது.

ரெஃப்ரீ தப்பாகச் சொன்னால்?

ரெஃப்ரீ எப்போதும் சரி என்று சொல்லிவிட முடியுமா? அதற்கு எதிரான சாட்சிகளும் கொஞ்சமில்லை.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்களுக்கு ஆசிரியர். வாயுவில் உள்ள துகள்களின் ஓட்டத்தை வைத்து வெப்பத்தையும் அழுத்தத்தையும் விளக்கி 1845-ல் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ரெஃப்ரீக்கள் அதை மதிக்கவே இல்லை. சிறு சுருக்கம் மட்டும் வெளியானது. முழுக் கட்டுரை சொசைட்டியின் அலமாரிக்குப் போய்விட்டது. அவரிடம் வேறு பிரதியும் இல்லை. அதே பாதையில் மேக்ஸ்வெல் 1860-ல் நடந்து புகழ் பெற்றார். வாட்டர்ஸ்டன் 1883-ல் இறந்தார். 1891-ல் லார்ட் ராலே அந்த அலமாரியில் கட்டுரையைக் கண்டுபிடித்து மறு வருடம் அச்சிட்டார். எழுதியவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து!

இன்னொருவர் ஜார்ஜ் அகெர்லாஃப். பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாததால் சந்தையே எப்படிக் கெட்டுப்போகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். 1967-ல் முதல் இதழுக்கு அனுப்பிவிட்டு ஒரு வருடம் இந்தியாவில் இருக்க வந்தார். நிராகரிப்புக் கடிதம் இங்கேதான் அவருக்கு வந்து சேர்ந்தது. விஷயம் அற்பமானது என்றார்கள். இரண்டாவது இதழும் அதையே சொன்னது. மூன்றாவது இதழ், இது உண்மையென்றால் எந்தப் பொருளையும் யாரும் விற்க முடியாதே என்று திருப்பியது. ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் 'எல்லோருக்கும் தெரிந்தது', மூன்றாம் இடத்தில் 'இருக்கவே முடியாதது'! நான்காவது இதழில் 1970-ல் வெளியானது. 2001-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

இந்தக் கதைகளைச் சொல்லி "பார்த்தீர்களா, நிராகரிக்கப்பட்டவர்கள் எல்லாம் மேதைகள்" என்று ஆறுதல் தேடக் கூடாது. நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை நிராகரிக்க வேண்டியவைதான். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ரெஃப்ரீ சொல்வது தீர்ப்பு அல்ல. அது ஒருவருடைய வாசிப்பு. நல்ல வாசிப்பும் உண்டு, சோம்பேறி வாசிப்பும் உண்டு. அகெர்லாஃபுக்கு நான்காவது கதவு இருந்தது. வாட்டர்ஸ்டனுக்கு இரண்டாவது கதவே இல்லை. அதுதான் வித்தியாசம்.

யார் எழுதினார்கள் என்று பார்க்கலாமா?

'திருவிளையாடல்' படத்தில் நாகேஷின் தருமியை மறந்திருக்க மாட்டீர்கள். நமது ஊரில் மதிப்பாய்வு பற்றிப் பேச அதைவிட நல்ல கதை இல்லை. பொற்கிழிக்காக அடுத்தவர் எழுதிய பாட்டைத் தன் பெயரில் கொண்டு வருகிறார் தருமி. நக்கீரர் ஒரு கேள்வி கேட்கிறார். சொந்தமாக எழுதாததால் தருமியிடம் பதில் இல்லை. பிறகு எழுதியவரே நேரில் வருகிறார். அவர் சிவபெருமான் என்று தெரிந்த பிறகும் நக்கீரர் தன் ஆட்சேபத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கதைதான். ஆனால் ஒரு ரெஃப்ரீக்கு இருக்க வேண்டிய இலக்கணம் அதில் இருக்கிறது. எழுதியவர் பெயரைப் பார்த்து எடை போடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நக்கீரர் குற்றம் சொன்ன அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் பாடலாக இன்றும் இருக்கிறது. ஆட்சேபம் சொன்னவருக்கும் மரியாதை, பாட்டுக்கும் மரியாதை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

நிஜ உலகில் நக்கீரர்கள் எத்தனை பேர்? அமெரிக்காவில் பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982-ல் வெளியிட்ட ஒரு சோதனை பிரசித்தம். பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தவர்கள் எழுதி, ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்தார்கள். எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும் யாருக்கும் தெரியாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, அச்சிட்ட அதே இதழ்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்று மட்டும் பிடிபட்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. "இது பழையது" என்று சொல்லியா? இல்லை. ஆய்வு முறையில் கோளாறு என்று சொல்லி!

நாற்பது வருடம் கழித்தாவது மாறியதா? 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வில் ஒரே பொருளாதாரக் கட்டுரையை 500-க்கும் மேற்பட்ட ரெஃப்ரீக்களிடம் கொடுத்தார்கள். எழுதிய இருவரில் ஒருவர் நோபல் பெற்ற வெர்னன் ஸ்மித். மற்றவர் அப்போது அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளர். நோபல்காரர் பெயரை மட்டும் காட்டியபோது நிராகரிக்கச் சொன்னவர்கள் 23 சதவீதம். பெயரே காட்டாதபோது 48 சதவீதம். இளையவர் பெயரை மட்டும் காட்டியபோது 65 சதவீதம். கட்டுரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சின்ன ஊர்க் கல்லூரி முகவரியுடன் அனுப்புகிறவர்களுக்கு இந்த எண்கள் புதிதல்ல, இதுவரை மனதுக்குள் இருந்த சந்தேகம்தான். இதற்கு மருந்தும் தெரிந்ததுதான். எழுதியவர் பெயரை ரெஃப்ரீயிடம் இருந்து மறைப்பது. பரீட்சைத் தாளில் பெயர் எழுத விடாமல் நம்பர் மட்டும் போடச் சொல்கிறோமே, அது போல. சிறிய துறைகளில் எழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வாஸ்தவம். அதற்காகப் பெயரைக் கொட்டை எழுத்தில் காட்ட வேண்டுமா என்ன?

ரெஃப்ரீயால் முடியாதது

"பியர் ரிவ்யூ ஆன கட்டுரை" என்றால் உண்மை என்று அரசு முத்திரை குத்தியது போலப் பலர் பேசுகிறார்கள். 1998-ல் வெளியான ஒரு சோதனையில், வேண்டுமென்றே எட்டு இடங்களில் குறை வைத்த கட்டுரையை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன் ரெஃப்ரீக்களுக்கு அனுப்பியது. 200-க்கும் மேற்பட்டவர்கள் அறிக்கை எழுதினார்கள். ஒருவர் கண்டுபிடித்தது சராசரியாக இரண்டு.

மோசடி என்றால் இன்னும் கஷ்டம். ரெஃப்ரீ படிப்பது கட்டுரையை மட்டுமே. பரிசோதனைக்கூடத்துக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. கோவிட் காலத்தில், 2020 மே மாதம், 671 மருத்துவமனைகளின் 96,000 நோயாளிகள் என்று சொல்லி ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. வெளியிலிருந்து படித்த ஆய்வாளர்கள் எண்கள் இடிக்கின்றன என்று கேள்வி எழுப்பினார்கள். மூலத் தரவைக் காட்ட நிறுவனத்தால் முடியவில்லை. இரண்டே வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ரெஃப்ரீக்கள் தவறவிட்டதைப் பிடித்ததும் வாசிப்புதான். அதிகம் பேரின் வாசிப்பு.

அப்படியானால் ஜர்னலே வேண்டாம், இணையத்தில் போட்டுவிட்டால் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். கிரிகோரி பெரல்மான் 2002, 2003-ல் பாய்ன்காரே ஊகத்துக்கான நிரூபணத்தை ஆர்க்கைவ் தளத்தில் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவே இல்லை. ஆனாலும் கணித உலகம் ஏற்றுக்கொண்டது. எப்படி? கணிதவியலாளர் குழுக்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தன. முத்திரை இல்லாமல் முடிந்தது. வாசிப்பு இல்லாமல் முடியவில்லை. நூறு வருடப் புதிர் என்பதால் அவருக்கு வாசகர்கள் தேடி வந்தார்கள். முதல் கட்டுரை எழுதும் ஒரு மாணவருக்கு யார் வருவார்கள்? அவருக்குக் கட்டாயமாக இரண்டு வாசகரைத் தேடித் தருவது ஜர்னல் ஒன்றுதான். அதனால்தான் இந்த ஏற்பாடு பிழைத்திருக்க வேண்டும்.

முத்திரைக் கடைகள்

வாசிப்பை விட்டுவிட்டு முத்திரையை எண்ண ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே பாடம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று விதி போட்டது. 2010-ல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் வருடாவருடம் அத்தனை ஆயிரம் பேரின் கட்டுரைகளைப் படிக்க ரெஃப்ரீக்கள் எங்கே? தேவை இருக்கும் இடத்தில் கடை முளைக்கும். "மூன்று நாளில் வெளியிடுகிறோம், இத்தனை ரூபாய் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன.

2013-ல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன், பள்ளி வேதியியல் தெரிந்தவரே பிடிக்கக்கூடிய பிழைகளுடன் ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அந்த இதழ்களில் இந்தியாவில் இருந்து நடத்தப்பட்டவை ஏராளம். மானியக் குழு 2018-ல் தன் அங்கீகாரப் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் பட்டியல் என்று ஒன்றைத் தொடங்கி, 2025-ல் அதையும் கைவிட்டது. பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற தேசிய விதியையும் 2022-ல் நீக்கிவிட்டது. விதி போனாலும் எண்ணும் பழக்கம் போகவில்லை. பல இடங்களில் பேப்பர் எண்ணிக்கை இன்றும் பேசுகிறது.

இது இந்தியாவின் வியாதி மட்டுமல்ல. வைலி நிறுவனத்தின் கையில் இருந்த ஹிண்டாவி இதழ்களில் இருந்து 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. போலி மதிப்பாய்வும் ஆர்டர் கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரைகளும்தான் காரணம். தருமிகள் பெருகிவிட்டார்கள், கேள்வி கேட்க ஆளில்லை. 2025-ல் இன்னொரு கூத்து. ஆர்க்கைவில் இருந்த 17 கட்டுரைகளில், கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்திலும் மிகச் சிறிய எழுத்திலும், "நல்ல விதமாக மட்டும் மதிப்பிடு" என்ற பொருளில் செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டளை ஒளித்து வைத்திருந்ததை ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை கண்டுபிடித்தது. ரெஃப்ரீ படிக்காமல் மெஷினிடம் கொடுத்துவிடுவார் என்று எழுதியவருக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது! எழுதுபவர் ஏமாற்றுகிறார், படிக்க வேண்டியவர் படிக்கவில்லை, முத்திரை மட்டும் சரியாக விழுகிறது.

இதில் நஷ்டம் யாருக்கு? பணம் போனதோடு முடிவதில்லை. மூன்று வருடம் உழைத்த ஒரு மாணவருக்கு, தன் வேலையில் எங்கே ஓட்டை என்று சொல்ல ஒரு மனிதர்கூடக் கிடைக்காமல் போகிறார். பட்டம் கிடைக்கும். யாரும் தன்னைப் படிக்கவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

செய்யக்கூடியவை

பல்கலைக்கழகங்கள் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். வாய்மொழித் தேர்வில் எத்தனை பேப்பர் என்று கேட்பதற்குப் பதிலாக, "ரெஃப்ரீ என்ன கேட்டார்? நீ என்ன பதில் சொன்னாய்?" என்று கேட்கலாம். அறிக்கையையும் பதிலையும் ஆய்வேட்டோடு இணைக்கச் சொல்லலாம். நிராகரிக்கப்பட்ட கட்டுரையாக இருந்தாலும் பரவாயில்லை. காசுக்கு வாங்கிய முத்திரையோடு வருபவரிடம் காட்ட எதுவும் இருக்காது. நடக்காத காரியமில்லை இது. எம்போ ஜர்னல் 2009-லிருந்தே ரெஃப்ரீ அறிக்கைகளைக் கட்டுரையோடு வெளியிட ஆரம்பித்துவிட்டது. 'நேச்சர்' இதழும் 2025 ஜூன் முதல் புதிதாக வரும் ஆய்வுக்கட்டுரைகளுக்கு இதை வழக்கமாக்கிவிட்டது.

மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அனுப்பும் முன் அந்த இதழில் வந்த நாலு கட்டுரையையாவது படித்துப் பாருங்கள். படிக்கத் தகுந்ததாக ஒன்றும் இல்லையென்றால் அங்கே உங்களைப் படிக்கவும் ஆளிருக்காது. அறிக்கை வந்த அன்றே பதில் எழுதாதீர்கள். ஐன்ஸ்டைனுக்கே அது சரிப்பட்டு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒவ்வொரு குறிப்புக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். ரெஃப்ரீ சொல்வது தப்பு என்றால் ஆதாரத்தோடு மரியாதையாகச் சொல்லுங்கள். எடிட்டர்கள் அதை மதிப்பார்கள். "ரெஃப்ரீ புரிந்துகொள்ளவே இல்லை" என்று தோன்றினால், அந்தப் பத்தியை மறுபடி எழுதுங்கள். அந்தத் துறைக்காரருக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும்?

ஒரு நாள் உங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வரும், இந்தக் கட்டுரையை மதிப்பிட முடியுமா என்று. சம்பளம் கிடையாது, பெயர் வராது. அனுப்பியவர் யாரோ ஒரு சின்ன ஊர் மாணவராக இருக்கலாம். நேரமில்லை என்றால் உடனே மறுத்துவிடுவது நேர்மை. ஒப்புக்கொண்டால் முழுவதும் படியுங்கள். தப்பு இருந்தால் எந்த வரியில், ஏன் என்று சொல்லுங்கள். ராபர்ட்சன் பத்துப் பக்கம் எழுதினார். இரண்டு பக்கம் போதும், படித்து எழுதியதாக இருந்தால்.